சிலைப் படமும் மரகதம் அக்காவின் தூக்கமும்

படம் முடிந்து விளக்குப் போட்டதும் ரேவதி என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "இதுக்கா ஆயா அன்னிக்குக் கல்லு வுட்டாங்க?"

விழுப்புரத்தில் இப்போது இருக்கிற ஏசி தியேட்டரின் வாசலில், வருகிறவர்களின் செல்போனை மிஷினில் காட்டி உள்ளே அனுப்புகிற பெண் ரேவதி. காணையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறாள். அதே இடத்தில் முன்னே இருந்த பழைய தியேட்டரிலும், அதே முதலாளிக்குத் திண்டிவனத்தில் இருந்த தியேட்டரிலும் பெண்கள் கதவில் டிக்கெட் கிழித்தவள் நான். முதலாளியின் மகன் போன மாசம் ஒரு பழைய படத்தைத் தேடிப் பிடித்துக் காலைக் காட்சியாகப் போட்டார். பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார். உயிரோடு இருந்தவர்களில் நடக்க முடிந்தவர்கள் போனோம்.

நான் அஞ்சாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. அன்றைக்கு ரேவதிக்குச் சிரித்துக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். "அப்ப எழுதியாவது குடுங்க ஆயா, நாங்க பொண்ணுங்க எல்லாம் படிக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினாள். அதனால் இதை எழுதுகிறேன்.

அந்தப் படத்துக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்களுக்கு அது சிலைப் படம். செத்துப்போன தலைவர் ஒருவருக்கு ஓர் ஊரில் சிலை வைக்கிறார்கள். போட்டோ ஸ்டுடியோவில் கவர் மாறிப்போய், சிற்பி கைக்குத் தலைவர் படத்துக்குப் பதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிறவர் படம் போய்விடுகிறது. திறப்பு விழாவில் மந்திரி கயிற்றை இழுப்பார். துணி விழும். உள்ளே கல்லில் மல்லாட்டைக்காரர் கை நீட்டிக்கொண்டு நிற்பார். கூட்டத்தில் ஒருவரும் பேச மாட்டார்கள். மந்திரி மெதுவாகக் கைதட்டுவார். உடனே எல்லோரும் தட்டுவார்கள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நிற்கிற மல்லாட்டைக்காரரும், என்ன ஏது என்று தெரியாமல் ஒரு கையால் கூடையைத் தட்டுவார். நடந்த தப்பை ஒத்துக்கொள்ள யாருக்கும் தைரியம் இல்லாததால், அவரைத் தலைவரின் சொந்தக்காரர் என்று சொல்லி எலக்ஷனில் நிறுத்துவார்கள். ஜெயித்தும் விடுவார்.

இப்போது பார்த்தால் எப்படி இருக்கிறது என்று கேட்டால், பாதிக்கு மேல் நன்றாகவே இருக்கிறது. சிலை திறக்கிற இடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடத் தலையைத் தூக்கிச் சிரித்தார்கள். மல்லாட்டைக்காரர் மேடையில் பேசுகிற இடம் மிகவும் நீளம். பாட்டு வந்தபோது நிறையப் பேர் எழுந்து வெளியே போனார்கள். குண்டாக ஒரு அம்மா மல்லாட்டைக்காரரைக் கட்டிக்கொள்ள ஓடி ஓடி வருவாரே, அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஏன் என்றால், அந்தக் காலத்துத் தியேட்டரில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர் இருக்கும். நான் நிற்கிற இடம் அந்தச் சுவர் ஓரம். அந்தப் பக்கத்துச் சிரிப்பு ஒரு காதில் கேட்கும், இந்தப் பக்கத்துச் சிரிப்பு இன்னொரு காதில் கேட்கும். குண்டு அம்மா ஓடி வருகிறபோது ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். இந்தப் பக்கத்தில் பெண்கள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். சிலை திறக்கிற இடத்தில் மட்டும் சுவருக்கு இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரிக்கும். அப்படி ஒன்றாகச் சிரித்த இடங்கள்தான் இன்றைக்கும் சிரிக்க வைக்கின்றன. இதைப் படத்துக்கு நடுவிலேயே ரேவதியிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை.

ஒரே ஓர் இடம் இந்தக் கணக்கில் சேராது. அங்கே பெண்கள் பக்கம்தான் அதிகமாகச் சிரித்தது. கல் விழுந்ததும் அந்த இடத்தால்தான்.

வேலை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஆறேழு வருஷத்தில் வீட்டுக்காரர் போய்விட்டார். கிளியனூரிலிருந்து பஸ் ஏறித் திண்டிவனம் தியேட்டருக்கு வேலைக்குப் போனேன். கூச்ச சுபாவக்காரிக்கு அது நல்ல வேலை. இருட்டில் யார் மூஞ்சியும் யாருக்கும் தெரியாது. மணி அடித்ததும் பெண்கள் கதவைத்தான் முதலில் திறக்க வேண்டும். ஆண்கள் கதவு அதற்குப் பிறகு. டார்ச்சைத் தரையில்தான் அடிக்க வேண்டும். இடம் காட்டி முடித்ததும் கண்ணாடியை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். விரல் இடுக்கில் சிவப்பாகத் தெரிகிற வெளிச்சம் நடப்பதற்குப் போதும். குழந்தை அழுதால் தாயிடம் பேசக் கூடாது, கையை மட்டும் நீட்ட வேண்டும். வாங்கிக்கொண்டு வராந்தாவில் உலாத்தித் தூங்க வைத்துத் திரும்பக் கொண்டுவந்து மடியில் விட வேண்டும். இப்படி ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மேனேஜர் பெயர் கோதண்டபாணி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஏதாவது தகராறு என்றால் பக்கத்தில் வந்து நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "இன்னா பார்த்த அஞ்சல?" என்று கேட்பார். நாம் ஏதாவது நீட்டி முழக்கினால், "நெனச்சத கேக்கல, பார்த்தத கேட்டேன்" என்பார். ஒரு தடவை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் தரை டிக்கெட்காரி என்று நினைத்து எழுப்பிவிட்டேன். டிக்கெட்டைப் பார்த்தாயா என்று கேட்டார். சேலையைப் பார்த்தேன் என்றேன். அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து அழைத்துவந்து, அவரே பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்து உட்கார வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து, ஒரே ஒரு தடவையைத் தவிர, நான் பார்க்காததை அவரிடம் சொன்னதில்லை.

சிலைப் படத்தின் ரீல் பெட்டி முதலில் விழுப்புரம் தியேட்டருக்குத்தான் வந்தது. ஆரம்பித்த சில நாளிலேயே யாரோ போஸ்டரைக் கிழித்து, தகரக் கூரைமேல் கல் வீசினார்கள். படத்தை நிறுத்திவிட்டார்கள். வேறு பெட்டி வருகிற வரைக்கும் கொட்டகையே பூட்டிக் கிடந்தது. நான் பிற்பாடு அங்கே போகிறதற்கு முன்னால் பெண்கள் கதவில் இருந்த அம்மா வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெட்டியை முதலாளி எங்களுக்கு அனுப்பினார்.

கல் வீசினது ஏன் என்றால், அந்தப் படத்தில் ஒரு காட்சி. மல்லாட்டைக்காரருக்கு எதிராக நிற்கிற பெரிய தலைவர், மீட்டிங்குக்குப் போகிறதற்கு முன்னால் வீட்டில் ஒத்திகை பார்ப்பார். பெண்டாட்டி "வாழ்க" என்று கத்த வேண்டும். அவர் கையை உயர்த்திப் "போதும், போதும்" என்பார். சத்தம் பத்தவில்லை என்று திரும்பவும் கத்தச் சொல்வார். அந்த அம்மா கையில் தோசைத் திருப்பியோடு அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடிக் கத்துவார். தோசை கருகிப் புகை வரும். புகைக்கு நடுவிலும் அவர் கையை உயர்த்திக்கொண்டே நிற்பார்.

விழுப்புரத்துக் கட்சிக்காரர்கள் அது தங்கள் தலைவரைத்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் திண்டிவனத்தில் ஏகாம்பரம் என்று ஒரு கட்சிக்காரர் இருந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். ஊரில் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். மேடை ஏறினதும் அவருடைய ஆட்கள் வாழ்க என்று கத்துவார்கள். அவர் வலது கையை உயர்த்தி, முகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் "போதும், போதும்" என்பார். படம் வந்த அன்றைக்கே டீக்கடையில் பேச்சு. "ஏகாம்பரம் வூட்டு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து எடுத்தாப்புல கீதுபா."

மறுநாள் மேட்னிக்கு முன்னால் அவர் கார் வந்து நின்றது. கூடவே அவர் மனைவி மரகதம். வெளியே ரோட்டோரம் அவருடைய ஆட்கள் மடியில் எதையோ கட்டிக்கொண்டு நின்றார்கள். மேனேஜர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

ஏகாம்பரம் உட்காரவில்லை. "மேனேஜரே, நான் உள்ள போயி குந்திக்கினா, ஏகாம்பரமே வந்து பார்த்துட்டு மூஞ்சி தொங்கிப் போனாருன்னு பேசுவானுங்க. அதான் வூட்டுக்காரிய கூட்டியாந்தேன். அவ பாக்கட்டும்."

"பாக்கட்டுங்க" என்றார் மேனேஜர்.

"அவள கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டா. அந்த வாழ்க சீன் வர்றப்போ அவ மூஞ்சி எப்படி இருக்குதுன்னு உங்க ஆளு பக்கத்துல நின்னு பார்த்து வந்து சொல்லட்டும். மூஞ்சி சுருங்குச்சின்னா, அழுதான்னா, பெட்டி இன்னிக்கே திரும்பிப் போவணும். பசங்க வெளிய நிக்கிறானுங்க, பார்த்தீங்க இல்ல."

"சிரிச்சாங்கன்னா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. மனைவி நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அவ எதுக்கு சிரிக்கப் போறா? சிரிச்சான்னா, அத நான் வூட்டுல போயி பேசிக்கிறேன்."

மரகதம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

சேர் வரிசையில் ஓரத்து இடத்தில் அவரை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஒல்லியான அம்மா. அந்த வெயிலிலும் பட்டுச்சேலை. அதற்கு முன் நாங்கள் பேசியது ஒன்றிரண்டு வார்த்தைதான் இருக்கும். தரையில் நடவு முடித்துவிட்டு வந்த பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேலே தகரம். கல் விழுந்தால் முதலில் இந்தப் பக்கம்தான் விழும். ரோடு இந்தப் பக்கம் இருந்தது.

ஒத்திகைக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்கவில்லை. என் வேலை அந்த அம்மாவின் மூஞ்சியைப் பார்ப்பது. முதல் வாழ்கவுக்கு அவர் அசையவில்லை. இரண்டாவது வாழ்கவுக்கு முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். திரையில் யாரோ ஓடுகிற சத்தம், தோசை கருகுகிறது என்று யாரோ கத்துகிற சத்தம். பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. அக்காவின் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. அப்படியே குனிந்து தலையை முட்டியில் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறார் என்றுதான் பயந்தேன். பக்கத்தில் குனிந்து பார்த்தேன். மூச்சு விட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது.

என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்துட்டியா?"

தலையாட்டினேன்.

"எங்க வூட்டுல தோசை இல்லடி. கேப்பைக் கூழு. அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்று சொல்லி மறுபடியும் முந்தானையைக் கடித்துக்கொண்டார். கொஞ்சம் அடங்கின பிறகு, "நான் சிரிச்சேன்னு சொல்லிடாத அஞ்சல. அது நெஜந்தான்னு ஊரே தெரிஞ்சிக்கும். அப்புறம் என்னால அந்த வூட்டுல இருக்க முடியாது" என்றார்.

"சரிக்கா."

"அழுதேன்னும் சொல்லாத. பெட்டிய அனுப்பிடுவாரு. நான் இன்னொரு தபா பாக்கணும்."

இடைவேளை மணி அடிக்கிற வரைக்கும் அவர் என் கையை விடவில்லை. அழுதார் என்று சொன்னால் படம் போய்விடும், இல்லாவிட்டால் தகரம் போய்விடும், விழுப்புரத்து அம்மா மாதிரி நானும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். சிரித்தார் என்று சொன்னால் இந்தக் கை என்ன ஆகும் என்று தெரியாது. சும்மா இருந்தார் என்று சொல்லலாம். ஆனால் ஏகாம்பரம் சும்மா என்றால் என்ன, மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தது, கண் எப்படி இருந்தது என்று கேட்பார். எனக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வராது. அது எனக்கே தெரியும்.

அறையில் ஏகாம்பரம், மேனேஜர், வாசலில் மரகதம் அக்கா. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார்.

"இன்னா பார்த்த அஞ்சல?"

"தலை முட்டிக்கால்ல கவுந்துக்கினு இருந்துச்சிங்க."

"யாரு தலை?" என்றார் ஏகாம்பரம்.

"அம்மா தலைங்க. அந்த சீன் வர்றப்போ." அதற்கு மேல் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "தூங்கிட்டாங்க."

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்து, மூஞ்சி வீங்கி, முட்டி பதிந்த தடம் நெற்றியில் இருந்தது. மரகதம் அக்கா நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"தூங்கினியா நீ?"

"காலைலருந்து வேலைங்க. உள்ள ஃபேன் காத்து வேற."

ஏகாம்பரம் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரியும் எனக்குப் பட்டது. "என் பொண்டாட்டியே தூங்கிட்டான்னா இதுல இன்னாத்த வச்சி எடுத்திருப்பானுங்க. இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு. ஓட்டுங்க மேனேஜரே, தானா பூடும்." வெளியே போய் ஆட்களிடம் கையை ஆட்டினார். அவர்கள் மடியை அவிழ்த்து ரோட்டோரம் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

கார் போன பிறகு மேனேஜர் வராந்தாவுக்கு வந்தார். நான் அழுகிற குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கும் காது இருந்தது. பெண்கள் பக்கம் அன்றைக்கு எப்படிச் சிரித்தது என்று அவருக்கும் கேட்டிருக்கும். தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டு, "அவங்க திரும்பவும் தூங்க வந்தாங்கன்னா, ஃபேன் பக்கத்துல சீட்டு குடு" என்றார்.

வந்தார். மரகதம் அக்கா அதே வாரத்திலேயே இரண்டு தடவை வந்தார். கதவில் டிக்கெட்டை நீட்டி, "தூங்கணும் அஞ்சல, எடம் இருக்குதா?" என்பார். கூடவே தெருப் பெண்களையும் கூட்டி வருவார். அவர்களுக்கும் அந்த நேரத்துக்குச் சரியாகத் தலை கவிழ்ந்துவிடும்.

போன மாசம்தான் அந்தக் காட்சியை முதல்முதலாகத் திரையில் முழுசாகப் பார்த்தேன். பார்த்தால் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. பெண்டாட்டியாக நடித்த அம்மா கண்ணை ரொம்ப உருட்டுகிறார். புகை அளவுக்கு மீறி வருகிறது. மரகதம் அக்கா மூஞ்சியில் நான் பார்த்த காட்சி இதைவிட நன்றாக இருந்தது. ஆனால் ஏசி தியேட்டரில் அந்த இடத்துக்குத்தான் பிள்ளைகள் அதிகமாகச் சிரித்தார்கள். செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கும்பிடு போட்டு ஒத்திகை பார்க்கிற தலைவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்களாம். ரேவதிதான் சொன்னாள்.

ஏகாம்பரம் சொன்ன மாதிரி அன்றைக்குப் படம் தானாகப் போய்விடவில்லை. மூன்று வாரம் தாண்டி ஓடியது. ஏகாம்பரத்துக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. தூங்க வைக்கிற படத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று, கடைசி நாள் சாயந்தர ஆட்டத்துக்கு அவரே வந்தார். விளக்கு அணைந்த பிறகு மேனேஜர் அவரை ஆண்கள் பக்கத்தில் சுவர் ஓரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மரகதம் அக்கா இந்தப் பக்கம் ஃபேன் சீட்டில். "அக்கா, அவரு வந்திருக்கிறாரு" என்று காதில் சொன்னேன். "தெரியும், ஒண்ணாதான வந்தோம்" என்றார்.

ஒத்திகைக் காட்சி ஆரம்பித்தது. ஊருக்கே மனப்பாடமான காட்சி. திரையில் அந்த அம்மா வாயைத் திறக்கிறதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது. "தலைவர் வாழ்க."

ஃபேன் பக்கத்திலிருந்துதான் வந்தது. இரண்டு பக்கமும் கொட்டகை அதிரச் சிரித்தார்கள். நான் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். திரை வெளிச்சத்தில் ஏகாம்பரம் நன்றாகத் தெரிந்தார். அவருடைய வலது கை தானாக உயர்ந்திருந்தது. முகம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. போதும் என்று சொல்ல உதடும் பிரிந்துவிட்டது. அப்புறம்தான் அவருக்கு எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்தது. அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மெதுவாக இறக்கித் தலைமுடியைக் கோதிக்கொண்டார். அது யாருடைய குரல் என்று கொட்டகையில் தெரிந்தவர்கள் சிலபேர்தான். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தினமும் கேட்கிற குரல்.

அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் விட்டதும் இரண்டு பேரும் ஒரே காரில் ஏறிப் போனார்கள்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த படத்துக்கு மரகதம் அக்கா வந்தபோது முதலில் கையைத்தான் பார்த்தேன், பிறகு மூஞ்சியை. இரண்டும் நன்றாக இருந்தன. டிக்கெட்டைக் கிழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "வூட்டுல எதுனா..." என்று இழுத்தேன்.

"ஒண்ணும் கேக்கல. அன்னிலருந்து என்னக் கத்தச் சொல்றதில்ல. கூழு குடிக்கிறாரு, கம்முனு படுத்துக்கிறாரு."

"அப்ப மீட்டிங்குக்கு ஒத்திகை?"

அக்கா பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு என் காதுப் பக்கம் குனிந்தார்.

"கொல்லப்பக்கம் போயி கதவ சாத்திக்கிறாரு. வாழ்கன்றதும் அவரு, போதும் போதும்ன்றதும் அவரு. நேத்து ரொம்ப நேரம் போதும்னு சொல்லிக்கினே இருந்தாரு, வாழ்கன்ற இவரு வுடவே இல்ல."